மூக்காயி சொல்லாதது

மஹியாவை, கண்டி.
14.05.1995

அன்புத் தம்பி சுந்தரலிங்கத்துக்கு,

முழங்கால் வலி ஒன்றைத் தவிர அக்காவுக்குக் குறையில்லை. நீயும் செல்லமணியும் பிள்ளைகளும் எப்படி இருக்கிறீர்கள் என்று விவரமாக எழுது. சின்னவளுக்குக் காய்ச்சல் விட்டதா? மில்லில் உமித்தூசி மூச்சை அடைக்கிறது என்று எழுதியிருந்தாய். வாயை ஈரத்துணியால் கட்டிக்கொண்டு வேலை செய்.

சண்டை திரும்பவும் தொடங்கியதிலிருந்து கண்டியில் நம் ஆட்கள் எல்லோரும் பொலிஸில் பெயர் பதிய வேண்டியிருக்கிறது. அரசாங்கக் கந்தோரில் வேலை செய்கிறவள் என்று அட்டையைக் காட்டினேன். "எல்லாரும் வரிசையில்தான்" என்றார்கள். நின்றேன்.

சொல்ல வந்தது வேறு. மலைநாட்டில் வனவிலங்கு நிர்வாகம் கெட்டுப்போயிருக்கிறது, அதை அடியிலிருந்து திருத்த வேண்டும் என்று மாகாணத்தில் ஒரு குழு போட்டிருக்கிறார்கள். தலைவர் ஓய்வுபெற்ற நீதிபதி. கிராமத்து ஆட்களையும் தோட்டத்து ஆட்களையும் கூப்பிட்டு விசாரிக்கப் போகிறார்கள். தோட்டத்து ஆட்கள் தமிழில் சொல்வதைக் குழுவுக்குச் சிங்களத்தில் சொல்ல ஒரு மொழிபெயர்ப்பாளர் வேண்டுமாம். என்னைப் போட்டிருக்கிறார்கள்.

விசாரணைக்கு வரப்போகும் அதிகாரிகளின் பெயர்களை நேற்று வாசித்தார்கள். தென்னக்கோன் என்று கேட்டதும், தெல்தோட்டையில் காட்டதிகாரியாக இருந்தவனா என்று கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டேன்.

நான் ஒன்றையும் மறக்கவில்லை. தெல்தோட்டையில், நம் தேயிலைத் தோட்டத்து எல்லைக் காட்டில், சுருக்குக் கம்பியில் ஒரு சிறுத்தை மாட்டியிருந்தது. அதைக் கண்டுவிட்டு, எப்படியாவது காப்பாற்றுங்கள் என்று அவனிடம் ஓடியவன் நீ. கம்பி கட்டியதே நீதான் என்று உன்னைப் பிடித்தான். தொழிற்சங்கத்து ஆட்கள் வந்து கேட்டதும், நீ காட்டுக்குள் இயக்கத்துக்கு அரிசி கொண்டுபோய்க் கொடுக்கிறாய் என்று பொலிஸுக்குச் சொல்லிவிட்டான். வழக்கே இல்லாமல் உன்னை வருஷக்கணக்காக மறியலில் அடைத்து வைத்தார்கள். உன் இடது காதைச் செவிடாக்கினார்கள். அம்மா தன்னிடமிருந்த ஒரே கோழியைத் தூக்கிக்கொண்டு அவன் குவாட்டர்ஸுக்குப் போய்க் கெஞ்சினாள். நானும் கூட நின்றேன். கோழியை வாங்கிக்கொண்டு கதவைச் சாத்தினான். நீ வெளியே வருவதைப் பார்க்காமலே அம்மா போய்விட்டாள்.

இத்தனை காலம் கழித்து அவனை ஒரு மேசைக்கு முன்னால் உட்கார வைத்துக் கேள்வி கேட்கப் போகிறார்கள். நீ வா. நீ சொல், நான் சிங்களத்தில் சொல்கிறேன். அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டே சொல்கிறேன்.

உன் பதில் வரும் வரை எனக்குச் சோறு இறங்காது.

அக்கா தெய்வானை


வவுனியா.
09.06.1995

அன்பு அக்காவுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. யாரோ பிரித்து வாசித்துவிட்டு ஒட்டியிருந்தார்கள். சின்னவள் எழுந்து ஓடித் திரிகிறாள். செல்லமணிக்கும் பெரியவனுக்கும் சுகம். உங்கள் முழங்காலுக்கு அந்தப் படியேற்றம்தான் காரணம். கீழே எங்காவது அறை பாருங்கள்.

நான் வரவில்லை. இங்கிருந்து கிளம்ப பாஸ் எடுக்க வேண்டும், மில்லில் லீவு தரமாட்டார்கள் என்றெல்லாம் எழுதலாம். அது காரணமில்லை என்று உங்களுக்கே தெரியும்.

அந்த ஆள் செய்ததை நான் மறந்துவிட்டேன் என்று நினைக்காதீர்கள். சின்னவள் இடது பக்கம் வந்து கூப்பிட்டால் எனக்குக் கேட்பதில்லை. அவள் கோபித்துக்கொண்டு போகும்போதெல்லாம் அவன் ஞாபகம் வருகிறது. அவனை என்ன செய்ய வேண்டும் என்று நான் நினைத்திருப்பதை எழுதினால் இந்தக் கடிதம் உங்களுக்கு வந்து சேராது.

ஆனாலும் அந்தக் கம்பி விஷயத்தைக் கிளற வேண்டாம் அக்கா. எல்லாவற்றையும் தபாலில் எழுத முடியாது.

உங்கள் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

தம்பி சுந்தரம்


மஹியாவை, கண்டி.
02.07.1995

அன்புத் தம்பிக்கு,

எல்லோருக்கும் சுகம் என்று எழுதியதில் சந்தோஷம். எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. மனம்தான் எரிகிறது. கிளற வேண்டாம் என்று எழுத உனக்கு எப்படிக் கை வந்தது?

அவனைப் பார்த்தேன். போன செவ்வாய்க்கிழமை ஏதோ கடதாசிகளோடு குழுவின் அறைக்கு வந்தான். தலை நரைத்து, வயிறு தள்ளியிருக்கிறது. விறாந்தையில் என்னைப் பார்த்து, "நங்கி, ஒரு தேத்தண்ணி கிடைக்குமா?" என்று, தங்கச்சியைக் கேட்பது போல, சிங்களத்தில் கேட்டான். கோழியைக் கையில் கொடுத்தபோது அம்மாவுக்குப் பக்கத்தில் நின்றவள் நான். அவனுக்கு அடையாளம் தெரியவில்லை. தேத்தண்ணி கொண்டுபோய்க் கொடுத்தேன். அவன் குடித்து முடித்துக் கோப்பையைத் திருப்பித் தரும் வரை அங்கேயே நின்றேன்.

தலைவர் நல்ல மனிதர். எங்களை உட்கார வைத்து விளக்கினார். பன்றி சுட அனுமதி கொடுப்பவனும், அனுமதியில்லாமல் சுட்டவனைப் பிடிப்பவனும், பிடித்த இறைச்சியை விற்பவனும், வழக்கு எழுதுபவனும் ஒரே அதிகாரியாக இருக்கிறான். அதிகாரம் இப்படி ஒரு கையில் இருக்கும் வரை காட்டில் ஒரு உயிரும் மிஞ்சாது, அதைப் பிரிக்க வேண்டும், மேலே இருந்து பார்க்க ஊர் ஆட்களும் தோட்டத்து ஆட்களும் உள்ள சபைகள் வேண்டும் என்கிறார். பெரிய ஹோட்டல்காரர்களுக்கும் அவர்களுடைய மந்திரி நண்பர்களுக்கும் இது பிடிக்கவில்லையாம். அவர் மிருகங்களைப் பற்றிப் பேசுகிறார். நான் ஒரே ஒரு மிருகத்தை நினைத்துக்கொண்டு கேட்கிறேன்.

செப்டம்பரில் தெல்தோட்டை ஆட்களை அழைக்கிறார்கள். நம் லயத்து வரிசை வீட்டு மூக்காயியின் பெயரும் இருக்கிறது. காட்டோரத்தில் விறகு பொறுக்குகிறவள். அவளுக்கு எதுவும் தெரியாமல் இருக்காது. நீ வராவிட்டால் அவள் சொல்வாள்.

பிள்ளைகளை அணைத்துக்கொண்டேன் என்று சொல்.

அக்கா


வவுனியா.
30.07.1995

அன்பு அக்காவுக்கு,

நாங்கள் சுகம். உங்கள் சுகமும் அப்படியே இருக்கட்டும்.

மூக்காயியை விட்டுவிடுங்கள். கேட்டால் தெரியாது என்பாள். தெரியாது என்றே இருக்கட்டும். இதை மட்டும் எனக்காகச் செய்யுங்கள்.

உங்கள் கந்தோர் மஸீனாவின் வீட்டுக்காரர் ஹபீல் மரக்கறி லொறியில் இந்தப் பக்கம் வருகிறவர் என்று முன்பு எழுதியிருந்தீர்களே. அடுத்த முறை வரும்போது மில்லுக்கு வரச் சொல்லுங்கள். மற்றதை அவர் கையில் கொடுத்து அனுப்புகிறேன்.

சுந்தரம்


மஹியாவை, கண்டி.
12.09.1995
(ஹபீல் கைவசம்)

அன்புத் தம்பி,

நீங்கள் எல்லோரும் நன்றாக இருக்க வேண்டும். நான் மிக நன்றாக இருக்கிறேன். இத்தனை வருஷத்தில் இப்படி இருந்ததில்லை.

பாதை அடைத்ததில் ஹபீல் இத்தனை நாளாக அந்தப் பக்கம் போகவில்லை. நாளைக்குத்தான் லொறி கிளம்புகிறது. இதை வாசித்ததும் எரித்துவிடு.

நேற்று மூக்காயி வந்தாள். ஒவ்வொரு சாட்சியாகத்தான் உள்ளே விடுகிறார்கள். உள்ளே தலைவர், இரண்டு அங்கத்தவர்கள், தட்டச்சு செய்ய மஸீனா, மொழிபெயர்க்க நான். மூக்காயி கதிரையில் உட்கார மறுத்து நின்றுகொண்டே பேசினாள். உன்னைப் பிடித்தது, லயத்தில் தேடியது எல்லாம் சொன்னாள். அப்படியே சொன்னேன். பிறகு தலைவர், கம்பி கட்டியது யார் என்று கேட்டார்.

"அது எனக்குத் தெரியாதுங்க. காடுன்னா நாலு பேரு போவாங்க வருவாங்க. யாரு கட்டுனாங்களோ" என்றாள்.

எல்லோரும் என் வாயைப் பார்த்தார்கள். அந்த நிமிஷத்தில் எனக்கு அம்மாவும் கோழியும் சாத்திய கதவும்தான் தெரிந்தன. சிங்களத்தில் சொன்னேன்: "தென்னக்கோன் மாத்தயாதான் ஆட்களுக்குக் கம்பி கொடுத்துக் கட்டச் சொல்வார். நான் கண்ணால் பார்த்திருக்கிறேன் என்கிறார்."

தலைவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "இன்னொரு தடவை கேளுங்கள்" என்றார். நான் மூக்காயியைப் பார்த்து, "களைப்பா இருக்கா, தண்ணி வேணுமா?" என்று கேட்டேன். "வேணாங்க" என்றாள். அவரிடம், "உறுதியாகச் சொல்கிறார்" என்றேன்.

மூக்காயிக்குக் கடைச் சிங்களம்தான் தெரியும். நான் பேசிய கந்தோர்ச் சிங்களம் அவளுக்கு விளங்கவில்லை. ஆனால் மஸீனாவுக்கு இரண்டும் தெரியும். தட்டச்சை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். பிறகு தட்டினாள். வெளியே வந்ததும், "தெய்வானை, அந்தப் பொம்பள அப்பிடிச் செல்லல்லயே" என்றாள். நான் கடதாசிகளை அடுக்கிக்கொண்டு நின்றேன். "சரி, நான் ஒண்டும் கேக்கல்ல" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

தென்னக்கோனை வேலையிலிருந்து இடைநிறுத்தப் போவதாக இன்று காலையில் பேச்சு. நான் பொய் சொல்லியிருக்கலாம். ஆனால் அவன் செய்திருக்க மாட்டான் என்று நீ சொல்வாயா?

அம்மாவின் படத்துக்கு இன்று பூ வைத்தேன்.

அக்கா


வவுனியா.
28.08.1995

அன்பு அக்காவுக்கு,

எல்லோரும் சுகம். ஹபீல் எப்போது வருவார் என்று தெரியவில்லை. வந்தவுடன் கொடுக்க இதை எழுதி வைக்கிறேன்.

கம்பி கட்டியது லெட்சுமணன் அண்ணன். மூக்காயியின் புருஷன். தென்னக்கோன்தான் கம்பியைக் கொடுத்தான். விறகு எடுக்கப் போகிறவர்களை வழக்கில் மாட்டாமல் விடுகிறேன், பன்றி விழுந்தால் ஒரு கால் உனக்கு என்று சொல்லியிருந்தான். மாட்டேன் என்று சொல்ல லெட்சுமணன் அண்ணனுக்குத் தைரியம் இல்லை. பன்றிக்குக் கட்டியதில் சிறுத்தை விழுந்துவிட்டது.

இதை எனக்கு அவரே அழுது சொன்னார், சிறுத்தை செத்த அன்று இரவு. மறுநாள்தான் என்னைப் பிடித்தார்கள். பிறகு பொலிஸில் என்னை அடித்தபோது, கூட இருந்தவன் பெயரைச் சொல் என்றுதான் அடித்தார்கள். நான் சொல்லவில்லை. எண்பத்து மூன்றில் நம் லயங்களுக்குத் தீ வைத்த அன்று, காய்ச்சலில் நடக்க முடியாமல் கிடந்த அம்மாவைத் தோளில் போட்டுக்கொண்டு தேயிலைக்குள் ஓடியவர் அவர். உங்களுக்குத் தெரியாது, நீங்கள் அப்போது கண்டியில் இருந்தீர்கள். அவர் பெயர் வெளியே வந்தால் தென்னக்கோன் தப்பித்துக்கொண்டு எல்லாவற்றையும் அவர் தலையில் போடுவான். அதனால்தான் நான் வரவில்லை. அதனால்தான் மூக்காயி வாயைத் திறக்கக் கூடாது.

இப்போது உங்களுக்கு விளங்கும்.

சுந்தரம்

15.09.1995
ஹபீல் இன்று வந்தார். உங்கள் கடிதத்தை லொறிக்குப் பக்கத்தில் நின்றே வாசித்தேன். மேலே எழுதியதில் மாற்ற ஒன்றும் இல்லை. அப்படியே அனுப்புகிறேன்.


மஹியாவை, கண்டி.
22.10.1995

அன்புத் தம்பிக்கு,

வடக்கில் பெரிய சண்டை என்று வானொலி சொல்கிறது. சனங்கள் உங்கள் பக்கம் வந்து குவியப் போகிறார்கள் என்கிறார்கள். பிள்ளைகளை வெளியே விடாதே. உங்கள் எல்லோருடைய சுகத்துக்கும் கட்டுக்கலைப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்தேன்.

உன் கடிதம் கிடைத்தது. அதைப் பற்றி எழுதுவதற்கு முன்னால் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

தென்னக்கோனை இடைநிறுத்தினார்கள். ஜீப்பைப் பறித்தார்கள். விறாந்தையில் நின்று, அவன் குடையோடு பஸ்ஸுக்குப் போனதை நான் பார்த்தேன். அடுத்த கிழமை அவன் பொலிஸில் போய், கம்பி கட்டியவன் அந்தச் சாட்சிக்காரியின் புருஷன், அவனைக் காப்பாற்றத்தான் அவள் என் மேல் பழி போடுகிறாள் என்று எழுதிக் கொடுத்தான். காலையில் ஆள் கணக்கெடுக்கும் பிரட்டுக்களத்தில் வைத்து லெட்சுமணனைக் கூட்டிக்கொண்டு போயிருக்கிறார்கள். சிறுத்தைக்கும் புலி இயக்கத்துக்கும் சிங்களத்தில் ஒரே சொல்தானே. எந்தக் 'கொட்டி' என்று இரண்டு நாள் விசாரித்தார்களாம். இப்போது மறியலில் இருக்கிறான்.

நான் வாயைத் திறந்தால் சாட்சியம் செல்லாமல் போகும். தென்னக்கோன் மறுநாளே தொப்பியைப் போட்டுக்கொண்டு திரும்பி வருவான். தலைவரின் திட்டத்தையே ஹோட்டல்காரர்கள் குப்பையில் போடுவார்கள். திறக்காவிட்டால், மூக்காயி பழி போட்டாள் என்ற பேரில் லெட்சுமணன் உள்ளேயே இருப்பான். என்ன செய்ய வேண்டும் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. மனமில்லை. இதைத்தான் உண்மையாக எழுத முடியும். எனக்கு மனமில்லை தம்பி. அவன் குடையோடு போனதை நினைத்தால் இன்னும் வயிறு குளிர்கிறது.

திட்டுவதென்றாலும் எழுது.

அக்கா


மஹியாவை, கண்டி.
03.12.1995

தம்பி சுந்தரத்துக்கு,

இடையில் இரண்டு கடிதம் போட்டேன். பதில் இல்லை. தபால் ஓடவில்லையா, நீ எழுதவில்லையா என்று தெரியவில்லை. ஹபீலைக் கேட்டேன். "ஆள் சுகமாத்தான் இரிக்கிறார். மில்லில கண்டன்" என்று மட்டும் சொன்னார். அது போதும் என்று இருந்தேன்.

போன ஞாயிற்றுக்கிழமை மூக்காயி கலஹா பஸ்ஸில் வந்து என் அறையைக் கண்டுபிடித்து வந்துவிட்டாள். செருப்பைக் கழற்றிவிட்டு வாசலிலேயே நின்றாள்.

"உள்ள வாங்க."

"இருக்கட்டும். ஒரு மனு எழுதணும். சிங்களத்துல. எனக்கு வேற யாரத் தெரியும்?"

"என்ன எழுதணும்?"

"நான் சொல்றத எழுதுங்க. இந்தத் தடவ நான் சொல்றத மட்டும்."

குழுவில் பதிந்த அவளுடைய வாக்குமூலத்தைப் பொலிஸில் வாசித்துக் காட்டியிருக்கிறார்கள். அவளுக்கு எல்லாம் தெரியும். சத்தம் போடவில்லை, சாபம் விடவில்லை. சொல்லத் தொடங்கினாள். நான் எழுதினேன்.

"நான் மூக்காயி. குழுவுல எனக்குத் தெரியாதுன்னுதான் சொன்னேன். எம் புருஷன் உள்ள போயிருவாருன்னு பயந்து சொன்னேன். நடுவுல நின்ன அம்மா நான் சொல்லாதத சொல்லிட்டாங்க. அவங்க தம்பிய அடிச்சாங்கன்னு அவங்களுக்குக் கோவம். அந்தக் கோவம் நியாயந்தான். ஆனா அந்தக் கோவத்துக்கு எம் புருஷன் எதுக்குங்க உள்ள கெடக்கணும்?"

நியாயந்தான் என்ற சொல்லில் என் பேனா நின்றுவிட்டது. அவள் பார்த்துக்கொண்டே நின்றாள். எழுதினேன். எழுதி முடித்ததும், "தமிழ்ல வாசிச்சுக் காட்டுங்க" என்றாள். காட்டினேன். பெருவிரலை மையில் வைத்து அழுத்தினாள். தேத்தண்ணி கொடுத்தேன். குடிக்காமல் போய்விட்டாள்.

மறுநாள் நானே தலைவரிடம் கொண்டுபோனேன். வாசித்துவிட்டு, "இது உண்மையா?" என்று கேட்டார். "உண்மை" என்றேன். மனுவை மடித்து மேசையில் வைத்தார். "நீங்கள் எனக்குச் செய்ததை ஹோட்டல்காரர்களால்கூடச் செய்ய முடியவில்லை" என்றார். அன்றே என்னை இடைநிறுத்தினார்கள். தென்னக்கோன் திரும்பி வந்துவிட்டான். ஜனவரியில் தெல்தோட்டை விசாரணையை முதலிலிருந்து நடத்தப் போகிறார்கள். இந்தத் தடவையும் பிழைத்தால் குழுவையே கலைத்துவிடுவார்களாம். லெட்சுமணன் இன்னும் வெளியே வரவில்லை.

நான் திருந்திவிட்டேன் என்று நினைக்காதே. தென்னக்கோன் மேல் எனக்கு இருப்பது இன்னும் அப்படியே இருக்கிறது. மூக்காயி வாசலில் நின்ற நிலையைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. இனி அவனுக்கு நான் ஒன்றும் செய்ய முடியாது. அதுவும் தாங்க முடியவில்லை.

இங்கே சின்னப் பிள்ளைகளுக்குச் சிங்களம் சொல்லிக் கொடுக்கிறேன். சாப்பாட்டுக்குக் குறைவில்லை. நீ சுகமாக இருந்தால் சரி.

அக்கா


வவுனியா.
27.12.1995

அக்காவுக்கு,

நாங்கள் சுகம். இடம்பெயர்ந்து வந்தவர்களில் ஒரு குடும்பம் நம் வீட்டில் இருக்கிறது. உங்கள் எல்லாக் கடிதமும் கிடைத்தன. நான்தான் எழுதவில்லை.

லெட்சுமணன் அண்ணன் பெயர் வெளியே வந்துவிட்டது. இனி நான் மறைக்க ஒன்றும் இல்லை. ஜனவரி விசாரணைக்கு என் பெயரைக் கொடுத்துவிடுங்கள். பாஸுக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன். ஒரு நாளைக்குத்தான் தருவார்கள். காலையில் வந்து மாலையில் திரும்ப வேண்டும்.

மொழிபெயர்க்க யாரும் வேண்டாம் என்று சொல்லுங்கள்.

சுந்தரம்


வவுனியா.
18.02.1996

அன்பு அக்காவுக்கு,

பெரியவனுக்குச் சளி, மற்றபடி எல்லோரும் நன்றாக இருக்கிறோம். உங்கள் முழங்கால் அன்றைக்கு நடக்கும்போதே இழுத்தது. ஒரு வைத்தியரிடம் காட்டுங்கள்.

விசாரணை முடிந்து, கண்டி குட்ஷெட் பஸ் நிலையத்தில் பஸ் புறப்படும் வரை நேரம் இருந்தது. என்ன நடந்தது என்று கேட்டீர்கள். "முடிஞ்சிருச்சு" என்று மட்டும் சொன்னேன். அதற்கு மேல் என்னால் அன்று பேச முடியவில்லை. உங்களை உள்ளே விடவில்லை, விறாந்தை வாங்கில்தான் இருந்தீர்கள். அதனால் எழுதுகிறேன்.

தலைவர் என்னை உட்காரச் சொன்னார். தென்னக்கோன் எதிரே இருந்தான். நான் வாயைத் திறப்பதற்கு முன்னால் அவன் சிங்களத்தில், "இவனுக்குச் சிங்களம் தெரியாது சேர். யாரோ பாடமாக்கி அனுப்பியிருக்கிறார்கள். பழைய கொட்டி வழக்குக்காரன்" என்று சொன்னான். என்னைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே என்னைப் பற்றிப் பேசுவது அவனுடைய பழக்கம். அன்று ஜீப்பிலும் அப்படித்தான் பேசினான்.

நான் சிங்களத்தில் சொன்னேன்: "சேர், அப்போது எனக்குத் தெரியாது. மறியலில் படித்தேன்."

எல்லாவற்றையும் சொன்னேன். நான் போய்ச் சொன்னதும் அவன் ஜீப்பில் வந்தான். சிறுத்தைக்கு உயிர் இருந்தது. கம்பி இடுப்பில் இறுகியிருந்தது. எங்களைப் பார்த்து உறுமியது. பிறகு உறுமவும் முடியவில்லை. அவன் கையில் துவக்கு இருந்தது. சுட்டு வேதனையைத் தீர்க்கவில்லை, கம்பியை வெட்டவும் விடவில்லை. ஒரு கல்லில் உட்கார்ந்து சிகரெட் குடித்தான். மத்தியானம் தொடங்கி வெயில் இறங்கும் வரைக்கும் அது செத்துக்கொண்டிருந்தது. அவ்வளவு நேரமும் அவன் சாரதியிடம் பேசிக்கொண்டிருந்தான். அந்தப் பேச்சின் அர்த்தம் எனக்கு அன்று முழுதாக விளங்கவில்லை. சத்தம் மட்டும் காதில் நின்றது. அடி வாங்கிய நாட்களிலும் அதையே மனதுக்குள் சொல்லிக்கொண்டு கிடந்தேன். மறியலில் சிங்களம் பழகப் பழக ஒவ்வொரு சொல்லாகத் திறந்தது.

அதைத்தான் தென்னக்கோனைப் பார்த்து, அவன் சொன்ன மாதிரியே, அவனுடைய இழுவையோடு சொன்னேன்: "சுட்டால் தோலில் ஓட்டை விழும், தானாகச் சாகட்டும். இந்தத் தெமளா பார்த்துவிட்டான். பரவாயில்லை, இவனையும் கொட்டி என்று கொடுத்துவிடலாம்."

அக்கா, நீங்கள் பார்க்க ஆசைப்பட்ட முகத்தை எழுதுகிறேன். அவன் கத்தவில்லை. முகம் சிவக்கவும் இல்லை. வீட்டு நாய் திடீரென்று பேசத் தொடங்கினால் ஒருவன் எப்படிப் பார்ப்பானோ அப்படி என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தான். கைலேஞ்சியை எடுத்தான். எதையும் துடைக்கவில்லை. மடிப்பதும் பிரிப்பதுமாக இருந்தான். தலைவர் ஏதோ கேட்டார், அவனுக்குக் கேட்கவில்லை. இரண்டாம் தரமும் கேட்டார். அப்போதும் கேட்கவில்லை. எனக்கு ஒரு காது போனது. அவனுக்கு அன்று இரண்டும் போய்விட்டன.

பின்னேரம் சாரதியைக் கூப்பிட்டார்கள். இப்போது பென்ஷன்காரர். என் பக்கம் பார்க்காமல், "அவர் அப்படித்தான் சொன்னார்" என்றார். தோல் யார் வீட்டுக்குப் போனது என்பதையும் சொன்னார்.

லெட்சுமணன் அண்ணன் கம்பி கட்டியதையும் நானே சொன்னேன், யார் கட்ட வைத்தது என்பதையும் சேர்த்து. மறைத்திருந்தால் மற்றதையும் நம்பியிருக்க மாட்டார்கள்.

எனக்கு இனித்தது அக்கா. பெருந்தன்மையாக எழுத நினைத்தேன், வரவில்லை. மதவாச்சியில் பஸ்ஸை நிறுத்திச் சோதித்தபோதும் நான் சிரித்துக்கொண்டு நின்றிருக்கிறேன். ஏன் சிரிக்கிறாய் என்று சிப்பாய் அதட்டினான். கலியாண வீட்டுக்குப் போய் வருகிறேன் என்றேன்.

மற்றதெல்லாம் ஹபீல் சொல்லித்தான் தெரியும். தென்னக்கோனை வேலையிலிருந்து நீக்கிவிட்டார்களாம், தோல் வழக்கு நீதிமன்றத்துக்குப் போகிறதாம். லெட்சுமணன் அண்ணனைத் தண்டப்பணத்தோடு விட்டுவிட்டார்கள். தலைவரின் அறிக்கையை மாகாணத்தில் ஏற்றுக்கொண்டார்களாம். அனுமதி கொடுப்பவன் இனி ஆளைப் பிடிக்க முடியாது, பிடித்தால் அன்றே நீதவான் முன் கொண்டுபோக வேண்டும் என்று வருகிறதாம். ஹோட்டல்காரர்கள் அதற்குள் என்ன ஓட்டை போடுவார்களோ தெரியாது. ஒவ்வொரு பகுதிக்கும் மேற்பார்வைச் சபை வைத்து, அதில் தோட்டத்து ஆள் ஒருவரும் இருக்க வேண்டுமாம். மூக்காயியைக் கேட்டிருக்கிறார்கள். "ஒங்க சபையும் வேணாம், சாட்சியும் வேணாம்" என்று சொல்லிவிட்டாளாம்.

உங்கள் வேலை திரும்பக் கிடைக்காது என்றும் ஹபீல் சொன்னார். அதற்கு வருத்தப்படுகிறேன்.

சித்திரை வருஷப் பிறப்புக்கு இங்கே வரட்டுமா என்று கேட்டிருந்தீர்கள். வரவேண்டாம். நீங்கள் பொய் சொன்னது எனக்குப் பெரிதில்லை. உங்கள் இடத்தில் நான் இருந்தாலும் அந்த நிமிஷத்தில் அதையே சொல்லியிருப்பேன். ஆனால் லெட்சுமணன் அண்ணன் உள்ளே கிடக்கிறார் என்று தெரிந்த பிறகும், மனமில்லை என்று எழுதினீர்களே. உள்ளே கிடப்பது எப்படி என்று எனக்குத் தெரியும். அந்தக் கடிதத்தைக் கிழித்தும் பார்த்தேன், எழுத்து கண்ணை விட்டுப் போகவில்லை. போக இன்னும் கொஞ்சக் காலம் வேண்டும்.

தீபாவளிக்கு வாருங்கள். செல்லமணியிடம் சொல்லி வைத்திருக்கிறேன். அதற்கு முன்னால் வேண்டாம்.

தம்பி
சுந்தரலிங்கம்